மீதிப் பதினேழு

நிறுவனத்துக்கு நான் ஒரு மார்பளவுப் படம்.
காலர் வைத்த சட்டை, படிய வாரிய தலை,
பின்னால் வாடாத ஒரு பிளாஸ்டிக் செடி.
மேசைக்குக் கீழே இருப்பவை
எவருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை:
சாயம் போன அரைக்கால் சட்டை,
மடங்கியபடியே இறுகிப்போன இரண்டு முழங்கால்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கும் பாதங்கள்.

வான்கூவரில் பகல் ஒரு மணி என்றால்
திபிலிசியில் நள்ளிரவு.
அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பேச உட்காரும்போது
எனக்கு இரண்டாவது இராச்சாப்பாடு.

ஒரு நாள் கைக்கடிகாரம் சொன்னது:
இன்று இருநூற்றுப் பன்னிரண்டு அடிகள்.
அதிலும் பாதி
உப்புமா கிண்டியதை நடை என்று நம்பியது.

ஜிம்முக்கு மாதம் நூற்றியிருபது லாரி.
(இங்கே பணத்துக்கு அதுதான் பெயர். சரக்கு ஏற்றாது.)
நான்கு முறை போனேன்.
முறைக்கு முப்பது என்று வகுத்துப் பார்த்தபோதுதான்
முதன்முதலாக வியர்த்தது.

எதிர்வீட்டு மக்வாலா
ரொட்டிக்குள் சீஸை ஒளித்து
ரொட்டிக்கு மேல் வெண்ணெயை ஒளிக்காமல் வைத்து
கதவைத் தட்டுவாள்.
'அரா' என்றால் வேண்டாம்.
நான் சொல்லும் 'அரா' மட்டும் அவள் காதில்
'இன்னும் ஒன்று' என்று விழுகிறது.

ஒன்பதாவது மாடி.
லிஃப்டுக்கு இருபது தெத்ரி காசு போடவேண்டும்.
போடாவிட்டால் கதவை மட்டும் மூடிக்கொண்டு
நம்மோடு சேர்ந்து யோசிக்கும்.

மார்ச்சில் ஒரு மாலை, கீழே முற்றத்தில்,
துணிக்கொடிக் கம்பத்துக்கும் கராஜ்களுக்கும் நடுவே
தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன்.
எனக்கு இலவசமாகத் தெரிந்த ஒரே பயிற்சி.
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய தெருநாய்
எழுந்து தள்ளிப் படுத்தது.
டோமினோ ஆடிய ஆண்கள்
ஒரு கட்டையை வைக்க மறந்தார்கள்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தெக்லே வந்தாள். வயது எட்டு.
காதைப் பிடித்திருப்பதைக் காட்டி
என்ன திருடினாய் என்று கேட்டாள், கையால்.
பிறகு, தான் எண்ணுவதாகச் சொன்னாள்.
கூலி, இருபது தெத்ரி.
லிஃப்டுக்குப் போடாத காசு
அவள் சட்டைப் பைக்குப் போயிற்று.

எனக்குத் தெரிந்தது கடைசிச் சொல் மட்டும்:
'ஓர்மோட்சி', நாற்பது.
அதைக் கேட்டதும் நிற்பேன்.
ஏப்ரல் முழுக்க, மே முழுக்க,
நாளுக்கு நாற்பது.
அக்காவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன், நாற்பது.
கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்தேன்.
நாற்பதின் பலன் இவ்வளவுதானா?

வெங்காயம் விற்கும் கியாதான்
பழைய பில்லின் முதுகில் பென்சிலால் எழுதி விளக்கினான்:
இந்த மொழி இருபது இருபதாகத்தான் எண்ணும்.
முப்பது என்றால் இருபதும் பத்தும்.
முப்பத்தேழு, இருபதும் பதினேழும்.
நாற்பது, இரண்டு இருபது.
வெங்காயப் பையோடு வீடுவரை
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.

அன்று மாலை தெக்லே எண்ணும்போது
காதைப் பிடித்திருந்த கை
முதல்முறையாகக் காதையும் திறந்தது.
இருபதுவரை நேர்மை.
இருபத்தொன்று.
இருபத்திரண்டு.
ஓர்மோட்சி!

கராஜ் பக்கம் தோழிகள் ஸ்கூட்டரோடு காத்திருந்தார்கள்.
அவசரமா,
சிவந்துபோன என் முகத்தைப் பார்த்த இரக்கமா,
கேட்க எனக்கு இலக்கணம் போதாது.
டோமினோக்காரர்கள் மட்டும்
மேசையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள்.
மூன்று மாதமாக
இந்த முற்றத்துக்கே தெரிந்திருக்கிறது.

காசைக் கொடுத்தேன். நாளைக்கும் வரச் சொன்னேன்.
ஒன்பது மாடியும் ஏறினேன்,
ஐந்தாவதில் எவருடைய சைக்கிளையோ பிடித்து
மூச்சு வாங்கிக்கொண்டு.

நள்ளிரவு. மீட்டிங்.
நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன்.
மீதிப் பதினேழை
உதடு அசையாமல், தமிழில்.

திரையில் என் தலை
மேசைக்குக் கீழே அமிழ்ந்து எழுந்தது, அமிழ்ந்து எழுந்தது.
"உங்கள் படம் குதிக்கிறது,
இணைப்பில் ஏதோ கோளாறு" என்றாள் ப்ரிஜெட்.

ஆமாம் என்றேன்.

பன்னிரண்டு.